கூரையும் திசையும்

பெரியநீலாவணையைக் கடந்து தெற்கு நோக்கி வரும் பேருந்தில் யன்னலோரம் அமர்ந்திருக்கும் பிரயாணிக்கு மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்பன தனித்தனி ஊர்களாகத் தோன்றுவதில்லை. ஒரே நீண்ட தெரு தன் பெயரை மாற்றி மாற்றிச் சூடிக்கொண்டு செல்வதாகவே தோன்றும். கிழக்கே கூப்பிடு தூரத்தில் கடல்; மேற்கே கண்ணுக்கெட்டிய மட்டும் வயல். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. பள்ளிவாசல்களின் குவிமாடங்களும் மினாராக்களும் வானில் எழுகின்றன. இடையிடையே கோயிற் கோபுரங்கள் தெரிகின்றன. அவற்றின் கீழே கண்ணாடி முகப்பிட்ட புடைவைக் கடைகளும் வங்கிகளும் வெயிலில் மின்னுகின்றன.

இக்காட்சியைக் கண்டு செல்வோர் ஒரு முடிவுக்கு எளிதில் வந்துவிடுகின்றனர். குவிமாடம் மரபு, கண்ணாடி நவீனம், இரண்டும் அருகருகே நிற்பதால் இது மரபையும் நவீனத்தையும் இணைத்த நகரம் என்பதே அம்முடிவு. கேட்பதற்கு இனிய இக்கூற்று உண்மைக்கு எவ்வளவு அண்மையில் நிற்கின்றது என்பது ஆராயத்தக்கது.

இவ்வினா கல்முனைக்கு மட்டும் உரியதன்று. மரபும் நவீனமும் கலந்த பெருநகரங்களைப் பற்றிப் பேசுவோர் இன்று சீனத்தையே முதலில் எடுத்துக்காட்டுவர். பீஜிங் நகரில் 1996 இல் திறக்கப்பட்ட மேற்குப் புகையிரத நிலையம் அத்தகைய கட்டடங்களுள் ஒன்று. கொங்கிறீட்டாலான அதன் பேருருவின் உச்சியில், பழைய சீன மண்டபமொன்றைத் தூக்கி வைத்தாற்போல வளைகூரை அமைந்திருக்கின்றது. இவ்வகைக் கூரை சீனத்திலேயே விவாதத்துக்குள்ளானது. புதிய கட்டடங்களின் தலையில் பழைய கூரையைச் சூட்டும் வழக்கம் 'பெருங்கூரை' எனப் பெயர் பெற்று, வீண்செலவு என்று 1955 இல் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. மரபைத் தலைப்பாகையாக அணிவதும் மரபில் வாழ்வதும் ஒன்றல்ல என்பதை அவ்விவாதம் உணர்த்திற்று.

அதே நாட்டின் சியான் நகரிலுள்ள பெரிய பள்ளிவாசல் வேறொரு விடையைத் தருகின்றது. மிங் அரச வமிசக் காலத்தில், 1392 அளவில், இன்றைய அமைப்பைப் பெற்றதாகக் கொள்ளப்படும் அப்பள்ளியில் குவிமாடம் இல்லை. அடுத்தடுத்து வரும் முற்றங்களும் வளைந்த ஓட்டுக் கூரைகளும் மரத்தூண்களும் சீனக் கோயிலொன்றினுள் நுழைந்த மயக்கத்தையே தரும். ஆயின், சீனக் கோயில்கள் பெரும்பாலும் வடக்குத் தெற்காக அமைய, இப்பள்ளி கிழக்கு மேற்காக நீண்டு மக்காவை நோக்குகின்றது. அங்கே கூரை ஊரினுடையது, திசை மார்க்கத்தினுடையது. கூரையை மாற்றிக்கொண்டபோதும் திசையை மாற்றாதிருந்தமையே அப்பள்ளியின் மரபு எனலாம்.

கூரை வேறு, திசை வேறு என்ற இந்த உரைகல்லிற் கல்முனைக் கரையையும் உரைத்துப் பார்த்தல் நன்று.

குவிமாடமே பள்ளிவாசலின் இலக்கணம் என்று கருதுவார்க்கு இந்து சமுத்திரக் கரைகள் வேறு பாடம் புகட்டும். கோழிக்கோட்டு மிஸ்கால் பள்ளி மரத்தூண்களும் அடுக்குக் கூரையும் கொண்டது. சாவகத்துத் தெமாக் பள்ளியும் அடுக்குக் கூரையுடையதே. கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளி தமிழகத்துக் கல் மண்டபங்களின் தூண் வரிசையைத் தனதாக்கிக் கொண்டது. அவ்வவ்வூர்த் தச்சரும் சிற்பியரும் தமக்குத் தெரிந்த தொழிலால், தம் மண்ணிற் கிடைத்த பொருளால் தொழுகையிடங்களை எழுப்பினர். கிழக்கிலங்கையிலும் ஓடு வேய்ந்த, தூண் விறாந்தையுடைய பழைய பள்ளிகளை முதியோர் நினைவுகூர்வர். இன்று வானளாவி நிற்கும் பெருங் குவிமாடங்கள், சீமெந்தும் இரும்புக் கம்பியும் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய காலத்துக்குரியவை. எழுபதுகளின் பிற்கூறு தொட்டு மத்திய கிழக்குக்கு உழைக்கச் சென்றோர் கண்டு வந்த காட்சிகளுக்கும் அவற்றில் பங்குண்டு. வீதியிலே மிகப் பழையதாகத் தோன்றும் வடிவம் உண்மையில் மிகப் புதியது.

இது குறையன்று. தொழுவோர் தொகை பெருகும்போது பெரிய மண்டபமும், மண்டபத்துக்கேற்ற கூரையும் வேண்டியனவே. ஆயினும் மரபைக் குவிமாடத்திற் கண்டு திருப்தியடைவோர் கூரையைக் கண்டவரேயன்றித் திசையைக் கண்டவரல்லர். பள்ளியின் திசை மேற்கு. அஃது எவருக்கும் தெரிந்தது. இக்கரையின் வீடுகளுக்கும் ஒரு திசை உண்டென்பது பலர் அறியாதது. அதனைத் தேடுவோர் பிரதான வீதியை விட்டு ஒழுங்கைகளுக்குள் இறங்குதல் வேண்டும்.

முன்னைய வளவு கிடுகு வேலியாற் சூழப்பட்டது. கடப்பைத் தாண்டினால் கூட்டிப் பெருக்கிய மணல் முற்றம், அதற்கப்பால் விறாந்தை. அயல் ஆண்கள் அவ்விடத்தோடு நின்றுவிடுவர். விறாந்தைக்குப் பின் மண்டபமும் உள்ளறையும். அவற்றின் பின்னே குசினியும் கிணற்றடியும். பின்வேலியிற் சிறிய இடைவெளியொன்று இருக்கும். பெண்கள் வீதிக்கு வராமலே தாத்தா வீட்டுக்கும் சாச்சி வீட்டுக்கும் போய்வர அதுவே வழி. மூத்த சகோதரியும் தாயின் தங்கையும் அடுத்தடுத்த வளவுகளில் எவ்வாறு வந்து சேர்ந்தனர் என்ற கேள்விக்கான விடையே இக்கரையின் கட்டடக் கலைக்குத் திறவுகோலாகும்.

இங்கே திருமணமான பெண் கணவன் வீட்டுக்குச் செல்வதில்லை. மாப்பிள்ளையே பெண் வீட்டுக்கு வருகின்றார். மூத்த மகளுக்குத் தாம் வாழ்ந்த வீட்டைக் கொடுக்கும் பெற்றோர் பலர், அதே வளவிலோ அண்மையிலோ மற்றொன்றைக் கட்டி இளைய பிள்ளைகளுடன் குடிபெயர்வர். காலம் வரும்போது அதுவும் அடுத்த மகளுக்குரியதாகும். முதுமையைக் கடைசி மகளின் வீட்டிற் கழிப்பர். வீடும் வளவும் சீதன உறுதியாகப் பெண்ணின் பெயருக்கு எழுதப்படும். குடிவழியும் தாய்வழியாகவே எண்ணப்படுவது. ஒவ்வொரு குடியின் சார்பிலும் மரைக்காயர் ஒருவர் பள்ளி நிருவாகத்தில் அமரும் வழக்கமும் இதனோடு பின்னியது.

இவ்வழக்கம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று என்பதும் கருதத்தக்கது. பாண்டிருப்பிலும், 1892 இல் விபுலாநந்த அடிகளைத் தந்த காரைதீவிலும் வாழும் தமிழ் இந்துக் குடும்பங்களிடையேயும் தாய்வழிக் குடியும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் முறையும் உண்டு. கோபுரமும் குவிமாடமும் வேறுபடுத்திக் காட்டும் இரு சமூகங்களைக் காணி உறுதி ஒரே கரையின் மக்களாக இனங்காட்டுகின்றது.

ஆக, இக்கரையின் வீடு மகளை நோக்கிக் கட்டப்படுவது. அதுவே அதன் திசை. கிடுகு ஓடாயிற்று, ஓடு கொங்கிறீட் தட்டாயிற்று, கிடுகு வேலி மதிலாயிற்று. கூரை இரண்டு முறை மாறியும் திசை மாறவில்லை.

கல்முனைக்குடியிலுள்ள ஒரு குடும்பத்தின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். அக்குடும்பத்தலைவர் சிறு வியாபாரி. ஒரு மகனும் மூன்று பெண்மக்களும் அவருக்குண்டு. மூத்தவளுக்கு ஓட்டு வீடு சீதனமாயிற்று. வளவிலே எஞ்சிய சில பேர்ச்சஸ் நிலத்தில் இரண்டாவது வீடு எழுந்தது. அதற்கு ஓடு போட வேண்டாம், தட்டுப் போடுங்கள் என்று வற்புறுத்தியவர் முதிய மேசன் ஒருவர். தட்டு முடிந்தபின், தூண்களின் உச்சியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளை வெட்டிவிடலாமா என்று கேட்டபோது அவர் சொன்ன மறுமொழி இது: "கம்பிய வெட்டாதங்க தம்பி, சின்னவள் ஒருத்தி இரிக்காள்."

பிறவூரார் கண்ணுக்கு இக்கம்பிகள் அழகின்மையாகவே படும். பணம் முடிந்து வேலை நின்றுபோன கட்டடங்கள் என்றே அவர்கள் எண்ணுவர். சில வீடுகளைப் பொறுத்தவரை அது மெய்யே. ஆயின் பல வீடுகளில் அக்கம்பிகள் இன்னும் மணமாகாத ஒரு மகளின் பெயர். நிலம் பக்கவாட்டில் வளர இடமில்லாதபோது வளவு நிமிர்ந்து வளரத் தொடங்கிற்று. முன்பு மணலில் அடுத்தடுத்து நின்ற சகோதரியர் வீடுகள் இன்று ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்படுகின்றன. மேல்வீட்டுக்கு ஏறும் படிக்கட்டு கீழ்வீட்டின் மண்டபத்தினூடாகச் செல்லாது, வெளிச் சுவரோரமாக ஏறிச் செல்வதும் இதனாலேயே. இரு மாப்பிள்ளைமாரின் குடும்பங்கள் ஒரே கூரையின் கீழே தனித்தனிக் கடப்படி வைத்திருத்தல் வேண்டுமன்றோ! பின்வேலியில் இருந்த இடைவெளி இப்போது குசினிப் பக்கத்துச் சிறு படியாக மாறியிருக்கின்றது. கட்டடக் கலைஞர் எவரும் வரைந்து கொடாத, மேசன்மாரும் உம்மாமாரும் தம்முட் பேசிக் கண்டுபிடித்த அமைப்பு இது. மரபும் நவீனமும் மெய்யாகவே இணைந்த இடம் கல்முனையில் உண்டெனின், அது இந்தப் படிக்கட்டே.

இவ்வமைப்பின் வலிமையும் மென்மையும் ஒருசேர வெளிப்பட்ட நாள் 2004 டிசெம்பர் 26. அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 இற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோர ஒழுங்கைகள் அடையாளமற்றுப் போயின. நாகூர் ஆண்டகையின் நினைவைத் தாங்கி நிற்கும் கடற்கரைப் பள்ளியைச் சூழ்ந்திருந்த குடியிருப்புகள் சிதைந்தன. வீடு அழிந்த இடத்தில் மகளின் சீதனமும் அழிந்தது. பல வளவுகளில் அந்த மகளே இல்லாமற் போனாள்.

மீள்கட்டுமானம் தொடங்கியபோது, கிழக்கிலே கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என அறிவிக்கப்பட்டது. அவ்வெல்லை பின்னர் தளர்த்தப்பட்டதெனினும் மக்கள் கலைந்து போயினர். மருதமுனையில் 65 மீற்றர் என்ற அளவே ஒரு வீட்டுத் திட்டத்தின் பெயராயிற்று. கல்முனையில் கிறீன்பீல்ட் தொடர்மாடிகளும் சாய்ந்தமருதில் பொலிவேரியன் கிராமமும் எழுந்தன. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியோடு கட்டப்பட்ட 500 வீடுகள், பகிர்வு பற்றிய பிணக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றமையால், ஆண்டுக்கணக்கில் ஆளற்றுப் பற்றை மண்டிக் கிடந்தன. கட்டியவர்க்கு வீடு என்பது எண்ணிக்கை. காத்திருந்தவர்க்கோ அது ஒரு பெண்ணின் வாழ்வு.

வீடு கிடைத்தவர்க்கும் புதியதொரு சிக்கல் காத்திருந்தது. படிவங்கள் 'குடும்பத் தலைவர்' யாரென வினவின. நாட்டின் ஏனைய பகுதிகளில் இவ்வினா எவரையும் துணுக்குறச் செய்திராது. ஆயின், வீடு பெண்ணுக்குரியது என்று தலைமுறை தலைமுறையாக உறுதி எழுதிய கரையில், தாயின் பெயரில் இருந்து அலையோடு போன வீட்டுக்குப் பதிலாகத் தந்தையின் பெயரில் வீடு வந்தது. இணை உரிமை வேண்டுமெனப் பெண்கள் அமைப்புகள் குரலெழுப்பியது வெறுங் கொள்கைக்காகவன்று. கடல் கொண்டு போகாத உரிமையை ஒரு காகிதம் கொண்டுபோகக் கூடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

தொடர்மாடியில் வீடு பெற்ற ஒரு தாயின் கூற்றும் இங்கே குறிக்கத்தக்கது. வீட்டின் நிலையை விசாரிக்க வந்த இளம் உத்தியோகத்தரிடம் அவர் சொன்னார்: "வீடு நல்லம் மகன். மூத்தவளுக்கு இது போதும். இளையவளுக்கு எங்க கட்டுற?" உத்தியோகத்தரிடம் மறுமொழி இருக்கவில்லை. சுவர் உறுதியானது, குழாயில் நீர் வந்தது, மின்சாரம் இருந்தது. ஆனால் அவ்வீட்டின் மேலே கம்பிகள் இல்லை. தொடர்மாடி வீடு முடிந்துபோன வீடு. அது வளர மாட்டாது. ஒரு குடும்பம் வாழ்வதற்கு வேண்டியவற்றையெல்லாம் கணக்கிட்ட வரைபடம், அக்குடும்பம் அடுத்த தலைமுறைக்குச் செல்லும் வழியைக் கணக்கிடத் தவறியிருந்தது. மரபுக்கு மரியாதை செய்வதாக எண்ணி முகப்பில் இரண்டு வளைவுகளைச் சேர்த்திருப்பினும் அத்தவறு நீங்கியிராது.

இவ்வளவும் கூறியபின், இம்மரபைப் பொன்னாக மட்டும் காட்டுவது நேர்மையாகாது. பெண்ணுக்கு வீடு கிடைக்கும் இவ்வழக்கம் பெண்ணைப் பெற்றவர் முதுகில் ஏறிய சுமையும் ஆகும். வீடில்லாத காரணத்தால் மணம் தள்ளிப்போகும் பெண்கள் பலர். வீட்டுக்காகத் தாமே வீட்டுப் பணிப்பெண்களாகக் கடல் கடந்தோரும் பலர். மணமகனே மணமகளுக்கு மஹர் கொடுக்க வேண்டும் என்பது மார்க்கம். மணமகளின் வாப்பா மணமகனுக்கு வீடு காட்ட வேண்டும் என்பது நடைமுறை. இம்முரண்பாடு குறித்துப் பள்ளி மேடைகளிலும் வாசிகசாலைகளிலும் விவாதங்கள் நிகழ்ந்தே வருகின்றன. ஆயின் அவ்விவாதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. மாப்பிள்ளை கேட்டு வாங்கும் கைக்கூலி வேறு. மகள் கால் ஊன்றி நிற்கப் பெற்றோர் கொடுக்கும் வீடு வேறு. கணவன் கைவிட்டாலும் வெளியேற வேண்டியவன் அவனேயன்றி அவளல்லள் என்ற துணிவை அவ்வீடு அவளுக்குத் தந்திருக்கின்றது. சுமையை இறக்க முனைவோர் அத்துணிவையும் சேர்த்து இறக்கிவிடாதிருத்தல் வேண்டும்.

அந்தச் சுமையின் பெரும்பகுதியைச் சுமப்பவர் சகோதரர். கல்முனைக்குடிக் குடும்பத்தின் ஒரே மகன் கட்டாரிலே தொழில் புரிகின்றான். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இரண்டாவது தங்கையின் வீட்டுத் தட்டு அவனது உழைப்பு; வெளிப்படிக்கட்டும் அவனது உழைப்பே. விந்தை யாதெனில், தான் உழைத்துக் கட்டிய எவ்வீட்டிலும் அவன் வாழப்போவதில்லை. அவனுக்குரிய வீடு வேறெங்கோ ஓர் ஒழுங்கையில், வேறொரு வாப்பாவின் கடனில், இன்னொரு சகோதரனின் வியர்வையில் எழுந்துகொண்டிருக்கும். ஒவ்வோர் ஆணும் பிறர் கட்டிய வீட்டில் வாழ்ந்து, பிறர் வாழ வீடு கட்டிச் செல்லும் இவ்வொழுங்கில் ஒருவகை நீதி உண்டு. ஆனால் இளமை கழிந்து செல்லும் தனியொருவனுக்கு அந்நீதி ஆறுதலாகுமா என்பது வேறு கேள்வி.

கடைசி மகள் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பயில்பவள். 1996 இல் முழுப் பல்கலைக்கழகமாகிய அந்நிறுவனம், இக்கரையின் பெண்மக்கள் பலருக்கு வீட்டிலிருந்தே போய்வந்து பட்டம் பெறும் வாய்ப்பை அளித்தது. மாடியில் அவளுடைய வீட்டு வேலையைத் தொடங்குவது பற்றி ஒருநாள் மாலை பேச்செழுந்தது. உம்மா நாள் குறித்தார். மகன் அனுப்பவிருக்கும் பணத்துக்கு வாப்பா கணக்குப் போட்டார். கேட்டுக்கொண்டிருந்த அவள் மெதுவாகச் சொன்னாள்: "காக்கா வரட்டும் வாப்பா. அவர்ட கலியாணம் முடியட்டும். நானும் படிச்சு முடிச்சு உழைக்கத் தொடங்கினா, என்ட வீட்டுக்கு நானும் கல்லு வாங்குவன்."

உம்மாவுக்கு அச்சொல் பிடிக்கவில்லை. வாப்பா மறுமொழி கூறாது நெடுநேரம் இருந்தார். வீடு வேண்டாமென்று மகள் சொல்லவில்லை. கம்பிகளை வெட்டுங்கள் என்றும் சொல்லவில்லை. வீட்டின் திசையை அவள் மறுத்தாளில்லை. அதன் பாரத்தை மட்டும் தன் கையாலும் தூக்க விரும்பினாள். பெரிய நகரங்களின் மரபையும் நவீனத்தையும் பற்றி எழுதுவோர் காணும் குவிமாடங்களுக்கும் கண்ணாடி முகப்புகளுக்கும் கீழே, இத்தகைய உரையாடல்கள் விறாந்தைதோறும் நிகழ்கின்றன. நகரத்தின் அடுத்த மாடி எவ்வாறு அமையும் என்பதை அவையே தீர்மானிக்கின்றன.

மறுநாள் காலை வாப்பா வாளியிற் சீமெந்தைக் கரைத்துக்கொண்டு வெளிப்படிக்கட்டால் மொட்டை மாடிக்கு ஏறினார். உப்புக் காற்றுப் பட்டுக் கம்பிகளில் துரு ஏறத் தொடங்கியிருந்தது. இன்னும் சில ஆண்டுகள் அவை காத்திருக்க வேண்டுமல்லவா? ஒவ்வொரு கம்பியாகத் துருவைச் சுரண்டி, அடி முதல் நுனி வரை சீமெந்துப் பால் பூசிவிட்டு அவர் கீழே இறங்கினார்.